இந்த ரோட்டில் ஓடாது

முடிச்சூர்
பிப்ரவரி 9, 2025

ஹரிபிரசாத்துக்கு,

உன் நம்பரை பிளாக் பண்ணிட்டேன். கூப்பிட்டுப் பார்த்திருப்ப, தெரிஞ்சிருக்கும். வாட்ஸப்ல சண்டை போட எனக்கு இஷ்டமில்ல. நீ எழுதுவ, அப்புறம் அழிச்சிடுவ, "நான் எப்போ அப்படிச் சொன்னேன்?"னு கேட்ப. காகிதத்துல அந்த வசதி கிடையாது. பதில் எழுதறதா இருந்தா நீயும் கையால எழுது.

போன வாரம் தாம்பரம் கல்யாண மண்டபத்துல நடந்த கூட்டத்தைப் பத்தித்தான். தாழ்தள பஸ்ஸை எந்தெந்த ரூட்ல விடலாம்னு ஜனங்ககிட்ட கருத்துக் கேட்கிற கூட்டம். சிட்டிக்குள்ள அந்த பஸ் ஓட ஆரம்பிச்சாச்சு. படி கிடையாது, சக்கர நாற்காலியோட நேரா உள்ள போயிடலாம். நம்ம முடிச்சூர் ரோட்டுக்கும் அது வேணும்னு ஜோசலின் அக்காவோட மாற்றுத்திறனாளிகள் சங்கத்துல நாங்க எவ்வளவு அலைஞ்சிருக்கோம்னு உனக்கே தெரியும். மூணு வயசுல போலியோ வந்தவ நான். யாராவது தூக்கி ஏத்தாம இதுவரைக்கும் ஒரு டவுன் பஸ்ல கால் வெச்சதில்லைன்னு மைக்ல சொல்லணும்னு மனப்பாடம் பண்ணிக்கிட்டுப் போயிருந்தேன்.

அப்போ சத்தியநாதன்னு ஒருத்தர், பஸ் கட்டுற கம்பெனி மேனேஜராம், "எங்க இன்ஜினியர் விளக்குவார்"னு சொன்னார். மேடையில ஏறினது நீ.

உன்னைப் பார்த்ததும் கை தட்டினேன் ஹரி. என் தம்பின்னு பக்கத்துல இருந்தவங்ககிட்ட சொன்னேன். நீ நம்ம சின்னப் பாலத்தோட போட்டோவைத் திரையில காட்டி, "முடிச்சூர் ரோட்ல தாழ்தள பஸ் ஓடாது"ன்னு சொன்ன. பின்னாடியிலேர்ந்து ஒரே கைதட்டல். கஷ்டப்பட்டுத் திரும்பிப் பார்த்தா கடைக்காரங்க வரிசை. அதுல நடுவுல அப்பா. அவரும் தட்டிக்கிட்டிருக்கார்.

எனக்கு மூணு விஷயம் தெரியணும். தாம்பரம் வரைக்கும் வந்தவன் வீட்டுக்கு ஏன் வரல? நீ பேசப்போறது அப்பாவுக்கு முன்னாடியே எப்படித் தெரியும்? பஸ் ஸ்டாப்பை மட்டமாக்கினா நம்ம கடையோட முன்படி போயிடும், அதுக்காக நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணின வேலையா இது?

ஜோசலின் அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டல. "உன் தம்பியா அது?"ன்னு மட்டும் கேட்டாங்க. அன்னிலேர்ந்து சங்கத்துல எது பேசினாலும் எனக்குக் கடைசியிலதான் தெரியுது. நான் யாருக்காக வேலை பார்க்கிறேன்னு அவங்களுக்கு சந்தேகம். நியாயம்தானே?

ஹேமாவதி


கரூர்
பிப்ரவரி 18, 2025

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் கேள்விகளுக்குப் பதில் தருகிறேன்.

ஜனவரியில் சோதனை வண்டியை முடிச்சூர் ரோட்டுக்குக் கொண்டுவந்தோம். பயணிகளுக்குப் பதிலாக மணல் மூட்டைகளை ஏற்றியிருந்தோம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு உயர்த்திக் கட்டிய சின்னப் பாலம் கூன் முதுகு மாதிரி இருக்கிறது. முன்சக்கரம் தாண்டியது, பின்சக்கரம் தாண்டவில்லை. வண்டி வயிற்றால் பாலத்தின் மேல் உட்கார்ந்துவிட்டது. கிரேன் வைத்துத்தான் எடுத்தோம். கூட்டம் கூடி வேடிக்கை பார்த்தது. அந்த முகத்தோடு வீட்டுக்கு வர எனக்கு மனம் வரவில்லை.

கூட்டத்தில் பேசப்போவதை அப்பாவிடம் போனில் சொன்னேன். போனை உன்னிடம் கொடுக்கச் சொன்னேன். "நான் சொல்லிக்கிறேன், நீ வேலையைப் பாரு" என்றார். மறுநாள் கேட்டதற்கு, சொல்லிவிட்டதாகவும் சொன்னார். அதனால்தான் நீ கைதட்டியபோது, எல்லாம் தெரிந்தே தட்டுகிறாய் என்று நினைத்தேன்.

நான் சொன்னது "இப்போது இருக்கிற நிலையில் ஓடாது" என்று. அடுத்த வாக்கியமும் ஒன்று இருந்தது. கைதட்டலில் அது போய்விட்டது. சத்தியநாதன் சார் மைக்கை வாங்கிக்கொண்டார்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். கம்பெனியில் இரண்டு மாதிரி வண்டி தயாராகிறது, புறநகருக்கு வாசலில் படி வைத்ததைத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள் என்று டிசம்பரில் பேப்பரில் வந்ததே, அதை நான் வெளியே ஒரே ஓர் ஆளிடம்தான் சொல்லியிருந்தேன். சத்தியநாதன் சார் பேப்பரை என் மேஜையில் வைத்து, "உங்க வீட்ல யாருக்குப்பா பஸ் மேல இவ்வளவு ஆசை?" என்றார். வடிவமைப்புப் பிரிவிலிருந்து என்னை எடுத்து சர்வீஸ் பிரிவில் போட்டுவிட்டார்கள். அந்த மேடையில் என்னை ஏற்றியதும் அதற்காகத்தான். "உங்க ஊர்தானே, உங்க வாயாலேயே சொல்லுங்க" என்றார்.

யார் சொன்னது என்று எனக்கும் தெரியவேண்டும்.

ஹரிபிரசாத்


முடிச்சூர்
மார்ச் 2, 2025

ஹரி,

ஆபீஸ் லெட்டர் மாதிரி எழுதியிருக்க. கீழே சீல் வைக்கிறதுதான் பாக்கி.

ஆமா, நான்தான் ஜோசலின் அக்காகிட்ட சொன்னேன். அவங்க பேப்பர்காரர்கிட்ட சொன்னாங்க. அது ரகசியம்னு நீ சொல்லல. சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன். எங்களுக்குப் படி வெச்ச பஸ்ஸைத் தரப்போறாங்கன்னு தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருக்கணுமா? உன் வேலையை மாத்தினதுக்கு வருத்தப்படறேன். சொன்னதுக்கு இல்ல.

அப்பாகிட்ட கேட்டேன். சாப்பிட்டுக்கிட்டிருந்தார்.

"கூட்டத்துல கை தட்டினீங்களா?"

"நானா? கொசுவ அடிச்சிருப்பேன். அந்த மண்டபத்துல இன்னா கொசு தெரியுமா?"

"ஹரி பேசப்போறான்னு தெரியுமா தெரியாதா?"

"ஏம்மே, சோத்துல கைய வெக்கறப்ப இன்னாத்துக்கு விசாரண?"

எழுந்து போயிட்டார். அம்மா தட்டை எடுத்துக்கிட்டு அவர் பின்னாடியே போனாங்க. என் முகத்தைப் பார்க்கவே இல்ல.

அடுத்தது உன் கதை. நம்ம ரோட்ல ஒரு பஸ் கிரேன் வெச்சுத் தூக்கற அளவுக்கு மாட்டியிருக்கு, எனக்கு ஒருத்தரும் சொல்லல. நம்பச் சொல்றியா? விசாரிச்சேன். டீக்கடையில "ஸ்கூல் பஸ்ஸு மாட்டிக்கிச்சு"ங்கறாங்க. பஞ்சர் கடையில "தண்ணி லாரி"ங்கறாங்க. ஞாயித்துக்கிழமை ஆட்டோ வெச்சு நானே பாலத்துக்குப் போய்ப் பார்த்தேன். உச்சியில தார்ல நீளமா ஒரு கீறல் இருக்கு. அது உன் பஸ்ஸோடதா, லாரியோடதா? கீறலுக்கு வாய் இல்லையே.

இன்னொண்ணு. பின்பக்க ஷெட்ல இருந்த என் பழைய சக்கர நாற்காலியைக் காணோம். அம்மாவைக் கேட்டா "பழைய இரும்புக்காரன் வந்தான்"னு ஒரு நாள் சொல்றாங்க, "உள்ளதான் இருக்கும் பாரு"ன்னு இன்னொரு நாள் சொல்றாங்க. இந்த வீட்ல எனக்குத் தெரியாம என்னென்னமோ நடக்குது. எல்லாத்துலயும் உன் வாசனை அடிக்குது.

ஹேமாவதி


கரூர்
மார்ச் 16, 2025

அக்கா,

நாற்காலி இங்கேதான் இருக்கிறது. அம்மாவிடம் சொல்லித்தான் எடுத்துவந்தேன். 2023 தீபாவளிக்கு வந்தபோது காரில் போட்டேன். உன்னிடம் சொன்னால் எதற்கு என்று கேட்பாய். பஸ் முடிவதற்கு முன்னால் சொல்லிவிட்டு, முடியாமல் போனால் என்ன செய்வது என்றுதான் வாயைத் திறக்கவில்லை.

அதில் நான் உட்கார்ந்தேன். பஸ்ஸின் வெறும் கூடு நிற்கும்போது, சாய்வுப்பலகை வழியாக ஏறிப் பார்த்தேன். வாசலைத் தாண்டியதும் திரும்ப முடியவில்லை, முழங்கை கம்பியில் இடித்தது. அந்தக் கம்பியை வெட்டி நகர்த்தினோம். மறுபடி ஏறினேன், இந்தத் தடவை டிரைவர் இருக்கைக்குப் பின்னால் சக்கரம் மாட்டியது. வெல்டர்கள் சிரித்தார்கள். அப்புறம் ஒவ்வொருத்தராக அவர்களே உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தார்கள். உன் நாற்காலியின் இடது கைப்பிடி ஆடும் இல்லையா, அதை ஒருத்தர் சரிபண்ணியும் கொடுத்துவிட்டார்.

நீ நினைக்கிற மாதிரி படியை எடுத்துவிட்டால் தாழ்தள பஸ் ஆகிவிடாது. சாதாரண பஸ்ஸில் எஞ்சின், அச்சு, டேங்க் எல்லாவற்றையும் கீழே வைத்து அதன் மேல் மாடி மாதிரி தரை போடுவார்கள். அந்த உயரத்துக்குத்தான் ஜனங்கள் இத்தனை வருஷமாக ஏறிக்கொண்டிருக்கிறார்கள். தரையைக் கீழே இறக்கவேண்டுமானால் கீழே இருக்கிற ஒவ்வொன்றுக்கும் வேறு இடம் தேடவேண்டும். எஞ்சினைப் பின் மூலையில் தள்ளினோம். நடுவில் பள்ளமாக வளைந்த அச்சு போட்டோம். டேங்கை இடம் மாற்றியதும் எடை ஒரு பக்கம் சாய்ந்தது, மறுபடி பிரித்தோம். எல்லாம் முடிந்த அன்று வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் மேல் இருக்கிற காற்றுப் பைகளில் காற்றை இறக்கியதும், யானை மண்டி போடுகிற மாதிரி வாசல் பக்கம் புஸ்ஸென்று தாழ்ந்தது. அதைச் சொல்லத்தான் அன்றைக்கு உனக்குப் போன் பண்ணினேன். இரண்டு மாதிரி வண்டி விஷயத்தை உளறியதும் அந்தப் போனில்தான்.

அதே காற்றுப் பையில் காற்றை ஏற்றினால் வண்டி ஒரு கை அளவு உயரும். சின்னப் பாலத்தை மெல்லத் தாண்ட அது போதும். ஆனால் அதற்கான சுவிட்சை செலவு என்று எடுத்துவிட்டார்கள். அன்று மாட்டிய வண்டியில் அது கிடையாது. மேடையில் நான் சொல்லவந்த அடுத்த வாக்கியம் இதுதான்.

சுவிட்ச் வந்தாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஸ்டாப்பில் சாய்வுப்பலகையை இறக்க மட்டமான இடம் வேண்டும். நம் ஸ்டாப்பில் நடைபாதை முழுக்க ஒரு கடையின் படி நீட்டிக்கொண்டிருக்கிறது. யார் கடை என்று நான் எழுதவேண்டியதில்லை.

ஹரி


முடிச்சூர்
ஏப்ரல் 6, 2025

ஹரி,

உன் லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். முதல் தடவை நாற்காலி வர்ற இடத்துல நிறுத்திட்டேன். ரெண்டாவது தடவை கடைசிப் பத்தியில நிறுத்தினேன். ஓஹோ, இப்போ என்னை அப்பா மேல ஏவி விடறியான்னு தோணுச்சு. நீ கரூர்ல இருப்ப, இந்த வீட்ல அவர் முகத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கப்போறது நான்.

உன் "இப்போது" விஷயத்தையும் சோதிச்சேன். ஜோசலின் அக்கா அன்னிக்கு போன்ல வீடியோ எடுத்திருக்காங்க. காதுல வெச்சுக் கேட்டேன். "இப்போது இருக்கிற"ன்னு லேசா விழுது. அந்த மேனேஜர் உன் கையிலேர்ந்து மைக்கைப் பிடுங்கறதும் தெரியுது. அவ்வளவுக்கு நம்பறேன். அதுக்கு மேல இல்ல.

யுகாதிக்கு அடுத்த நாள் அப்பா நல்ல மூடுல இருந்தார். கேட்டேன்.

"ஸ்டாப்பு முன்னாடி இருக்கிற படியை எடுத்தா நமக்கு என்ன குறைஞ்சிடும்?"

"இன்னா குறையுமா? அது ரெண்டாயிரத்துப் பதினஞ்சுல தண்ணி வந்தப்புறம் உசத்துனது. கடைக்குள்ள இடுப்பளவு தண்ணி. மறந்துட்டியா?"

"கடைத் தரையை யாரும் குறைக்கச் சொல்லல. நீட்டிக்கிட்டிருக்கிற படியை மட்டும்."

"படிய இடிச்சா கடையில முன்பக்கம் பாதி போயிடும். பாதிக் கடைக்கு எவன் வாடகைக்கு வருவான்?"

"வராட்டி போகட்டும். உங்களுக்கு என்ன, சோறு இல்லாமயா போயிடும்?"

அப்போதான் கத்தினார். "எனக்கா? எனக்கு இன்னாத்துக்குக் கட? அது உன் பேர்ல கீது! நானும் உங்கம்மாளும் போனப்புறம் உனக்கு யாருக்கீறா? அவன் பொண்டாட்டி கையாலதான் சாப்புடப் போறியா? அந்தக் கட நின்னாத்தான் நீ நிப்ப. பஸ்ஸு கேட்டுக்கினு அலையற, நாளிக்கு அந்த பஸ்ஸா உனக்கு சோறு போடும்?"

கடை என் பேர்ல இருக்கு ஹரி. நாலு வருஷத்துக்கு முன்னாடியே எழுதிட்டாராம். என்னை ரெஜிஸ்டர் ஆபீஸுக்குக் கூட்டிக்கிட்டுப் போய் "ரேஷன் விஷயம்"னு சொல்லிக் கையெழுத்து வாங்கினாரே, அது இதுதானாம். என் எதிர்காலத்தைக் காப்பாத்தறதா நினைச்சு நான் போகிற வழியை அடைச்சு வெச்சிருக்கார். திட்டவும் முடியல, கும்பிடவும் முடியல.

உனக்கு இது தெரியுமா? தெரியும்னா எப்போதிலேர்ந்து? உண்மையைச் சொல்லு. இந்தக் கடைக்காக நீ பேசினியோன்னுதான் உன்னை சந்தேகப்பட்டேன். நீ எனக்காகத்தான் பேசியிருந்தா அதை இன்னும் மன்னிக்க மாட்டேன்.

ஹேமா


கரூர்
ஏப்ரல் 20, 2025

அக்கா,

சத்தியமாகத் தெரியாது. உன் கடிதம் வந்துதான் தெரியும்.

படித்ததும் முதலில் தோன்றியதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று தோன்றியது. நான் தடுப்பேன் என்று அப்பா நினைத்தாரா? நானும் ஸஹானாவும் உன்னைப் பார்த்துக்கொள்ள மாட்டோம் என்று முடிவே கட்டிவிட்டாரா? ஸஹானாவிடம் கடிதத்தைக் காட்டினேன். "பொண்டாட்டி கையால" வரியைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. நீ அதை எழுதாமல் விட்டிருக்கலாம். இல்லை, எழுதியதே நல்லது. எனக்கே தெரியவில்லை.

ஆனால் அவசரப்பட்டுப் படியில் கைவைக்காதே. இங்கே நிலைமை நன்றாக இல்லை. சுவிட்சைத் திரும்ப வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். சத்தியநாதன் சார் சிரித்தபடி வாங்கி வைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கம். புறநகர் ரூட் எல்லாவற்றுக்கும் படி வைத்த வண்டியைத்தான் தரப்பார்க்கிறார்கள், அது அவர்களுக்கு எளிது. "ரோடு சரியில்லை, ஸ்டாப் சரியில்லை" என்பதுதான் அவர்கள் கையிலிருக்கிற ஒரே சாக்கு. நீ படியை இடித்து, அப்புறமும் பஸ் வராவிட்டால், உனக்குக் கடையும் இல்லை பஸ்ஸும் இல்லை. அதற்கும் நான்தான் காரணம் என்பாய்.

கொஞ்சம் பொறு.

ஹரி


முடிச்சூர்
ஆகஸ்ட் 24, 2025

ஹரி,

இடிச்சாச்சு.

கொஞ்சம் பொறுன்னு நீ எழுதினதுக்கு ரெண்டு அர்த்தம் எடுத்துக்கலாம். நிஜமாவே எனக்காக பயப்படற. இல்லாட்டி உன் கம்பெனியோட சாக்கு போயிடுமேன்னு பயப்படற. எந்த அர்த்தம்னாலும் ஒரே வேலைதான் மிச்சம். சாக்கை எடுத்துடறது.

பாலத்துக்கு ரெண்டு பக்கமும் ஏத்தத்தைக் குறைச்சுத் தார் போடச் சொல்லி மனு கொடுத்தோம். ஜோசலின் அக்கா எங்க எல்லாரையும் பாலத்து மேலயே வரிசையா உட்கார வெச்சாங்க. சக்கர நாற்காலிங்க, மூணு சக்கர வண்டிங்க, கண் தெரியாத யக்ஞநாராயணன் சார் குச்சியோட முன்னாடி. டிராஃபிக் முடிச்சூர்லேர்ந்து பெருங்களத்தூர் வரைக்கும் நின்னுதுன்னு சொன்னாங்க. ஜூலையில தார் போட்டுட்டாங்க. நல்லாப் போட்டிருக்காங்களான்னு எனக்கு சந்தேகம்தான், மழை வந்தாத் தெரியும்.

கடைக்கு வருவோம். கொத்தனாரை நானே வரச்சொன்னேன். மருந்துக் கடை கதிரேசன் ஓடி வந்தான். "யக்கா, படி இல்லாம கஸ்டமர் எப்புடி ஏறுவாங்க? நான் காலி பண்ணிடறேன், அட்வான்ஸக் குடுங்க"ன்னு குதிச்சான். தரை அதே உயரம்தான், கடைக்குள்ளாறயே சரிவு வெச்சுத் தரேன், நடைபாதையை மட்டும் விட்டுடுன்னேன். "ஐயாவைக் கேட்டீங்களா?"ன்னான். அவனும் அப்பாவும் கண்ணாலயே ஏதோ பேசிக்கிட்டாங்க.

"ஐயாவை ஏன் கேக்கணும்? கடை யார் பேர்ல இருக்கு?"ன்னு அப்பாவைப் பார்த்தே கேட்டேன்.

அவர் லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வெயில்ல நின்னார். கொத்தனார் சம்மட்டியை வெச்சுக்கிட்டு யார் சொல்றதைக் கேட்கிறதுன்னு முழிக்கிறார். கடைசியில அப்பா, "இன்னாப்பா பாக்கற? மொதலாளியம்மா சொல்லுதுல்ல? இடி"ன்னுட்டு வீட்டுக்குப் போயிட்டார். ஒரு வாரம் என்னோட பேசல. இப்போ பேசறார், ஆனா "மொதலாளியம்மா"ன்னுதான். கிண்டலா, கோவமான்னு தெரியல.

கதிரேசன் காலி பண்ணல. ஆனா எப்போ வேணா பண்ணுவான்னு நினைக்கிறேன், வேற இடத்துல கடை பார்த்துக்கிட்டிருக்கான்னு கேள்வி.

இனிமே உன் கம்பெனி என்ன சொல்லப்போகுது?

ஹேமா


கரூர்
டிசம்பர் 28, 2025

அக்கா,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. உறுதியாகத் தெரியாமல் எழுதினால் நீ ஒவ்வொரு வரியையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாய்.

ஜனவரி 30 காலையில் மறுபடி சோதனை ஓட்டம். உங்கள் மனுவும், பாலத்தின் போட்டோவும், ஸ்டாப்பின் போட்டோவும் மேலிடம் வரை போய்விட்டன. ஓட்டிக் காட்டாமல் இனி தப்பிக்க முடியாது. சர்வீஸ் பிரிவுக்கு வந்த ஒரு வண்டியில் அந்த சுவிட்சை நானே முன்நின்று பொருத்திக் கொடுத்தேன். பொருத்தச் சொல்லித் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது, அது சத்தியநாதன் சாருக்குப் பிடிக்கவில்லை.

சோதனைக்கு என்னை அனுப்பவில்லை. அன்று பார்த்து எனக்கு வேறு ஊரில் வேலை கொடுத்திருக்கிறார்கள். யார் வருகிறார்கள், எந்த வண்டி வருகிறது, ஒன்றும் எனக்குச் சொல்லவில்லை. வண்டி சரியானதாக வந்தாலும், டிரைவரிடம் சுவிட்சைப் பற்றி யாரும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. தார் போட்டுச் சரிவு குறைந்திருந்தாலும் வண்டியை உயர்த்தாமல் போனால் உரசும். உரசினால் போதும், "பார்த்தீர்களா" என்று எழுதிவிடுவார்கள்.

நீ ஸ்டாப்பில் நிற்காதே. பாலத்துக்கு முன்னாலேயே நில். டிரைவரின் இடது கைப்பக்கம், பஸ் படம் போட்டு மேலே அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தச் சொல். வண்டி உயர்ந்து நின்ற பிறகு மெல்லப் போகட்டும்.

நான் சொன்னேன் என்று யாரிடமும் சொல்லாதே. இந்தத் தடவை இது ரகசியம். சொல்லிவிட்டேன்.

ஹரி


முடிச்சூர்
ஜனவரி 31, 2026

ஹரி,

உன் லெட்டரை நம்பறதா வேணாமான்னு மூணு வாரம் யோசிச்சேன். அந்த சுவிட்சை அழுத்தினா வேற ஏதாவது உடைஞ்சு, "ஜனங்க தலையிட்டாங்க, வண்டி கெட்டுப்போச்சு"ன்னு எங்க தலையில கட்டறதுக்கு யாராவது உன்னை வெச்சு ஆடறாங்களான்னு கூட நினைச்சேன். உன்னை சந்தேகப்படல, உன்னைச் சுத்தி இருக்கிறவங்களை. ஜோசலின் அக்காகிட்ட கூட சொல்லல. நீ கேட்டுக்கிட்டதால.

நேத்து காலையில பாலத்துக்கு முன்னாடி நின்னேன். பஸ் வந்தது. பின்னாடி ஜீப்ல அதிகாரிங்க, உன் சத்தியநாதன். நான் ரோட்டுக்குக் குறுக்கே நாற்காலியை விட்டேன். டிரைவர் பேர் சிவகுமார்னு சட்டையில இருந்தது. தலையை வெளியே நீட்டினார்.

"யக்கா, இன்னா, சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?"

"உங்க இடது கைப்பக்கம் பஸ் படம் போட்ட சுவிட்ச் இருக்கா பாருங்க. மேல அம்புக்குறி."

"ஆமா, கீது. அத்தத் தொடாதன்னு சொல்லிக்கிறாங்களே."

"யார் சொன்னது?"

பின்னாடி ஜீப்பைத் திரும்பிப் பார்த்தார். சத்தியநாதன் இறங்கி வேகமா வந்துக்கிட்டிருக்கார். "மேடம், வழிய விடுங்க, டெஸ்ட் நடக்குது!"

"சார், டெஸ்ட்னா வண்டியில இருக்கிறதை எல்லாம் டெஸ்ட் பண்ணணும் இல்ல? அந்த சுவிட்ச் எதுக்கு வெச்சிருக்கு?"ன்னு சத்தமாக் கேட்டேன். மத்த அதிகாரிங்களும் இறங்கிட்டாங்க. அதுல வயசான ஒருத்தர், "அதானே, எதுக்கு?"ன்னு சத்தியநாதனைப் பார்த்துக் கேட்டார்.

சிவகுமார் எங்க எல்லார் மூஞ்சியையும் பார்த்தார். அப்புறம் "இன்னா ஆவுதோ ஆவட்டும்"னு அழுத்திட்டார்.

பஸ் மூச்சு இழுத்த மாதிரி மேல வந்தது ஹரி. நான் கீழே குனிஞ்சு வயித்தைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். முன்சக்கரம் ஏறி இறங்கிச்சு. நடுவுல வெளிச்சம் தெரிஞ்சுக்கிட்டே இருந்தது. பின்சக்கரமும் ஏறிச்சு, இறங்கிச்சு. ஒரு சத்தமும் இல்ல.

ஸ்டாப்புக்கு நான் உருட்டிக்கிட்டு வர்ற வரைக்கும் பஸ் நின்னுது. சிவகுமார் இறங்கிப் பலகையை விரிச்சார். பிடிக்கட்டுமான்னு கேட்டார், வேணாம்னேன். சக்கரம் எங்கயும் இடிக்கல, கம்பியும் முழங்கையில படல. திரும்பி நின்னுக்கிட்டு ஜன்னல் வழியாப் பார்த்தேன். மருந்துக் கடைக்குள்ள சரிவு மேல அப்பா நின்னுக்கிட்டிருந்தார். கதிரேசன் அவர்கிட்ட என்னமோ சொல்றான், அவர் கேட்கிற மாதிரியே தெரியல.

"மாமா நீங்களும் ஏறுங்க"ன்னு ஸ்டாப்புல காத்திருந்த ஜோசலின் அக்கா கூப்பிட்டாங்க. வரல. ஆனா சாயங்காலம் அம்மா சொன்னாங்க, பஸ் போனப்புறம் அப்பா ரோட்ல இறங்கி, அது நின்ன இடத்தைக் காலால தடவிப் பார்த்துக்கிட்டிருந்தாராம். எதுக்குன்னு கேட்டதுக்கு "மட்டமா கீதான்னு பாத்தேன்"னாராம்.

ஹேமா


கரூர்
மார்ச் 22, 2026

அக்கா,

ரூட் ஆரம்பித்துவிட்டது என்று பேப்பரிலும் பார்த்தேன், ஆபீஸிலும் சொன்னார்கள். என்னைத் திரும்ப வடிவமைப்புக்கு அழைத்திருக்கிறார்கள். சத்தியநாதன் சார் முன்னைவிட அதிகமாகச் சிரிக்கிறார், அதனால் ஜாக்கிரதையாக இருக்கிறேன்.

இப்போது எழுதுவது வேறு விஷயத்துக்கு. அம்மா போன் பண்ணினாள். போன சனிக்கிழமை நீ வேலை பார்க்கிற பொத்தேரி காலேஜுக்கு லீவு, நீ காலையிலேயே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாயாம், விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்பினாயாம். பொத்தேரிக்குப் போகவில்லை. ஜோசலின் அக்காவைக் கேட்டேன், அவர்களுக்கும் தெரியவில்லை. அம்மா திருநீர்மலைக் கோயிலுக்குப் போயிருப்பாய் என்று பையில் குங்குமப் பொட்டலம் தேடினாளாம், இல்லையாம். அப்பா ஸ்டாப்புக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருந்திருக்கிறார். நீ போனையும் எடுக்கவில்லை. டிரைவர் சிவகுமாரைக் கூட விசாரித்தாராம். "யக்கா தாம்பரத்துல எறங்கிக்கிச்சு, அதுக்கு மேல நமக்குத் தெரியாதுபா" என்றாராம்.

கேட்டால் சிரிக்கிறாயாம்.

எங்கே போனாய்? யாரையாவது பார்க்கப் போனாயா? ஏதாவது பிரச்சினையா? எதுவாக இருந்தாலும் என்னிடம் சொல்லலாம்.

ஹரி


முடிச்சூர்
மார்ச் 29, 2026

அன்புள்ள ஹரிக்கு,

பையைத் தேடினாங்களா! நான் அதைக் கவனிக்கவே இல்ல. அப்பா முகத்தைப் பார்த்துத்தான் சிரிச்சேன். "எங்கம்மே போன?"ன்னார். "பஸ்ல போனேன், பஸ்ல வந்தேன்"னேன். "அதான் எங்க?"ன்னார். "பஸ் போற இடத்துக்கு"ன்னேன். உள்ள போய் அம்மாகிட்ட, "அவ எதையோ மறைக்கறா, எனக்கு நல்லாத் தெரிது"ன்னு சொன்னது எனக்குக் கேட்டது.

யோசிச்சுப் பாரு. ஸ்கூலுக்கு நீ தூக்கிட்டுப் போன. காலேஜுக்கு அப்பா. வேலைக்கு ஆட்டோக்காரர். ஆஸ்பத்திரி, கல்யாணம், சாவு எல்லாத்துக்கும் யாராவது ஒருத்தர்கிட்ட சொல்லி, அவங்க வர்ற வரைக்கும் காத்திருந்துதான் கிளம்பியிருக்கேன். அவங்களுக்குத் தெரியாத ஒரு இடத்துக்கு நான் எப்படிப் போயிருக்க முடியும்?

நாற்பத்தொரு வயசுல முதல் தடவையா ஒரு நாள் நான் எங்க இருக்கேன்னு உலகத்துல ஒருத்தருக்கும் தெரியல. பஸ் மாறினேன். பசிச்சப்போ சாப்பிட்டேன். ஒரு இடத்துல ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். நல்லா இருந்தது.

பிரச்சினை ஒண்ணும் இல்ல. ஸஹானாவை நான் கேட்டேன்னு சொல்லு. அடுத்த வாரமும் போவேன்.

எங்கன்னு கேட்காத. உனக்கும் சொல்ல மாட்டேன்.

உன் அக்கா,
ஹேமா